அறையும் காதும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அறைக்கு ஏற்பத் தானே ஒலியைச் சீராக்கிக்கொள்ளும் ஸ்பீக்கர் ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஆனால் அறையின் நடுவே உள்ள நாற்காலியில் அமர்ந்தால் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) மெலிந்தும், எழுந்து சுவரோரம் சென்றால் அதுவே அளவுக்கு மீறியும் கேட்கிறது. கருவியில் பழுது இருக்குமா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு; நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அறையின் இயல்பைத்தான் காட்டுகின்றன. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 4 மீட்டர் இருக்குமானால், 8 மீட்டர் அலைநீளம் கொண்ட ஒலி, அதாவது சுமார் 43 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உடைய பேஸ், அச்சுவர்களில் மாறி மாறிப் பட்டுத் திரும்பி இடம் நகராமல் நிற்கும் நிலை அலையாகிவிடும். அதன் அழுத்தம் சுவர்களை ஒட்டி உச்சமாகவும், நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் இருக்கும். உங்கள் நாற்காலி இருப்பது அந்த நடுவில்.

இத்தகைய ஸ்பீக்கர்கள் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியைத் தம் மைக் வழியாகக் கேட்டு, எந்த அதிர்வெண் மிகுகிறது, எது குறைகிறது என்று கணக்கிட்டு, ஒவ்வோர் அதிர்வெண்ணையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசரைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. 2018-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் ஹோம்பாட் இவ்வகையைச் சேர்ந்தது. சோனோஸ் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த ட்ரூப்ளே முறையிலோ, ஐபோனைக் கையில் பிடித்து மேலும் கீழும் அசைத்தபடி அறை முழுவதும் நடந்து அளவெடுக்க வேண்டியிருந்தது. சிரமம்தான் என்றாலும், கேட்பவர் அமரும் இடத்தையும் சேர்த்து அளக்கும் முறையையே நான் உயர்வாகக் கருதுகிறேன். ஸ்பீக்கருக்குள் இருக்கும் மைக், தன் இடத்தில் கேட்பதை வைத்துத்தான் மற்ற இடங்களை ஊகிக்க முடியும்.

எந்த முறையானாலும் ஓர் எல்லை உண்டு. மிகுந்து ஒலிப்பதைக் குறைப்பது எளிது. அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்திலோ, ஒலியைக் கூட்டினால் அழிக்கும் அலையும் சேர்ந்தே கூடும். 10 டெசிபல் உயர்த்துவதற்கு ஆம்ப்ளிஃபையர் 10 மடங்கு திறனைச் செலவிட்டும் அந்தக் குறை நீங்காது. ஆகவே நாற்காலியை நடுவிலிருந்து அரை மீட்டராவது நகர்த்துங்கள். ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் சற்று வெளியே எடுத்து வையுங்கள். அதன் பிறகே அளவீட்டை மீண்டும் நிகழ்த்துங்கள். கனத்த திரைச்சீலை பேச்சொலியின் எதிரொலிப்பைத் தணிக்கும், பேஸை அது தடுக்காது.

கேள்வி: சுற்றுப்புறச் சத்தத்துக்கு ஏற்ப ஒலியளவை மாற்றிக்கொள்ளும் இயர்ஃபோன் காதுக்கு நல்லதா?

பதில்: அது எப்படி மாற்றுகிறது என்பதைப் பொறுத்தது. வெளிச்சத்தத்துக்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அதைத் தணிக்கும் முறை (பால் லூக் என்பவர் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கருத்து இது) எஞ்சின் இரைச்சல் போன்ற தொடர்ச்சியான தாழ்ந்த ஒலிகளை நன்கு குறைப்பதால், இசையை உரக்க வைக்கும் தேவை எழாது. சத்தம் கூடும்போது இசையையும் சேர்த்துக் கூட்டும் முறையில்தான் எச்சரிக்கை வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்துள்ள வரம்பு, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. எனவே தானியங்கி வசதியை இயக்கும் முன், போனின் அமைப்புகளில் உச்ச ஒலியளவுக்கு வரம்பு வைத்துவிடுங்கள்.