அண்ணனிடம் எப்படிக் கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோலாலம்பூர், செந்தூலில் அம்மாவுடன் வசிக்கிறேன். அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அண்ணன் வடக்கே பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். பக்கத்து ஊரான பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஐந்து மாதங்களாக வரவில்லை. அண்மையில், யாரையும் குற்றம் சாட்டாமல் மனத்தில் உள்ளதைச் சொல்லப் பழக்கும் ‘வன்முறையற்ற தொடர்பாடல்’ வகுப்பொன்றுக்குச் சென்றேன். அங்கே கற்ற நான்கு படிகளின்படி, "நீங்கள் என்னைக் கைவிட்டுவிட்டதாக உணர்கிறேன், எனக்கு ஆதரவு தேவை, அடிக்கடி வாருங்கள்" என்று அண்ணனிடம் சொன்னேன். "வகுப்பில் படித்ததை என்னிடம் ஒப்பிக்காதே" என்று போனை வைத்துவிட்டார். இது நம் குடும்பங்களுக்கு ஒத்துவருமா?

வாசகி, செந்தூல்

அன்புள்ள வாசகிக்கு,

ஒத்துவரும் என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் பேசியதில் அம்முறை பாதிதான் இருந்தது. 1960களில் இதை உருவாக்கத் தொடங்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் (1934–2015), கண்டது, உணர்வு, தேவை, வேண்டுகோள் என்று நான்காகப் பிரித்தபோது, முதலிரண்டிலும் தீர்ப்பு கலந்துவிடக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். "கைவிட்டுவிட்டீர்கள்" என்பது உங்கள் மனநிலையைச் சொல்லவில்லை, அண்ணனின் குற்றத்தைச் சொல்கிறது; பின்னால் "உணர்கிறேன்" என்று சேர்த்தாலும் அவர் காதில் விழுவது குற்றச்சாட்டுதான். "ஐந்து மாதமாக நான் மட்டுமே கூட்டிப் போகிறேன் அண்ணே, களைத்துவிட்டேன், அம்மாவுக்கு நடுவில் இரத்த அழுத்தம் இறங்கும்போது தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால், மறுத்துப் பேச அவருக்கு அதில் எதுவும் இருந்திருக்காது. ரோசன்பெர்க் தம் பட்டறைகளில், பரிவான பேச்சுக்கு ஒட்டகச்சிவிங்கி, குற்றம் சாட்டும் பேச்சுக்குக் குள்ளநரி என்று பொம்மைகளைக் கையில் மாட்டிக்கொண்டு பேசிக் காட்டுவார். வகுப்புக்கு அது சரி, அண்ணனிடம் நான்கு படிகளையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

"அடிக்கடி வாருங்கள்" என்றால் எத்தனை முறை வந்தால் போதும் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. "அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வர முடியுமா?" என்று கேட்டால் பதில் சொல்லலாம். அவர் முடியாது என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் முக்கியம். மறுத்தவரைக் குத்திக்காட்டினால், கேட்டது வேண்டுகோள் அன்று, கட்டளை என்பது ரோசன்பெர்க்கின் கணக்கு. நம் வீடுகளில் கத்துவதைக் காட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும், "மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று பிள்ளையைத் தூதனுப்புவதும்தான் மிகுதி. குரல் உயரவில்லை என்பதாலேயே இவற்றை நாம் வன்முறையில் சேர்ப்பதில்லை.

விட்டுப்போன பாதி, அவர் பக்கத்தைக் கேட்பது. "ஷிப்டு முடித்துக் களைத்துப்போயிருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். குடும்பத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இதைத் தொடங்கவே வேண்டாம். அங்கே அண்ணன் சித்தப்பாக்களுக்கும் சேர்த்தே பதில் சொல்வார்.

இன்னொன்று: உங்கள் தேவை வேறு, அண்ணன் வருவது வேறு, அவர் வருவது அத்தேவை நிறைவேறும் வழிகளில் ஒன்று மட்டுமே. தேவைப்படுவது ஓய்வு என்றால், வாரத்தில் ஒரு நாள் துணைக்கு ஆள் வைக்கும் செலவை அவர் ஏற்கலாம். கவலையைப் பகிர்ந்துகொள்ள ஒருவர் வேண்டும் என்றால் பணம் உதவாது. அப்போது கேட்க வேண்டியது, டயாலிசிஸ் முடிந்த இரவுகளில் ஒன்றிலாவது அம்மாவின் நிலையை உங்களிடம் கால் மணி நேரம் போனில் கேட்டுக்கொள்வாரா என்பதைத்தான்.