டேங்க் மோட்டார் ஓடுது, ஆனா நானோவுல புது கோட் ஏற மாட்டேங்குது

வேளச்சேரியிலேர்ந்து ஒரு காலேஜ் தம்பி கேட்டிருக்கார்: "வீட்டு சம்ப் மோட்டாருக்கு ஆர்டுயினோ நானோங்கற குட்டி போர்டு வெச்சு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் பண்ணேன். முதல்ல யூஎஸ்பி கேபிள்லயே கோட் ஏத்திட்டு இருந்தேன், நடுவுல ஒரு தடவை ஃபிரெண்டோட யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் வெச்சு ஏத்தினேன். இப்ப கேபிள்ல போட்டா 'நாட் இன் சிங்க்'னு பத்து அட்டெம்ப்டும் ஃபெயில் ஆகுது. ஆனா டேங்க் ரொம்பினா மோட்டார் கரெக்டா நிக்குது. பூட்லோடர் போச்சா, போர்டே போச்சா? ரிச்சி ஸ்ட்ரீட் போய் புதுசு வாங்கிடவா?"

வாங்காதீங்க தம்பி. மோட்டார் கரெக்டா நிக்குதுன்னா சிப் உசுரோட இருக்குன்னு அர்த்தம். நீங்க போற போக்குல சொன்ன அந்த நடு விஷயம் இருக்கே, ஃபிரெண்டோட புரோகிராமர், என் சந்தேகம் முழுக்க அது மேலதான்.

ஏன்னா நானோவுல இருக்கற ஏடிமெகா 328பி சிப்புக்கு யூஎஸ்பி பேசவே தெரியாது. கோட் தங்கற 32 கேபி ஃபிளாஷ் மெமரியோட கடைசி மூலையில பூட்லோடர்னு ஒரு குட்டி புரோகிராம் உக்காந்திருக்கும், பழசுன்னா 2 கேபி, ஆப்டிபூட்ங்கற புது வகைன்னா வெறும் 512 பைட். ரீசெட் ஆனதும் அதுதான் முதல்ல முழிச்சு, சீரியல் லைன்ல யாராவது கூப்பிடறாங்களான்னு கொஞ்ச நேரம் பாத்துட்டு, யாரும் இல்லன்னா உங்க கோடுக்கு வழி விடும். யூஎஸ்பிஏஎஸ்பி இந்த வாசல் வழியாவே வராது, ஐசிஎஸ்பி பின் வழியா நேரா சிப்புக்குள்ள போய் முதல்ல மொத்த ஃபிளாஷையும் அழிச்சுட்டு உங்க கோடை மட்டும் எழுதிட்டு வந்துடும், அந்த அழிப்புல பூட்லோடரும் சேர்ந்து போயிடும். கோட் ஏத்தற ஆர்டுயினோ ஐடிஇ சாஃப்ட்வேர்ல 'அப்லோட் யூஸிங் புரோகிராமர்' அமுக்கினா நடக்கறது இதேதான், பசங்க நிறைய பேர் இதுல மாட்டறாங்க.

அப்ப பூட்லோடர் இல்லாம எப்படி ஓடுதுன்னு கேப்பீங்க. சிப் எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்ற ஃபியூஸ் செட்டிங் மாறலை, அதனால சிப் இன்னமும் அந்தக் கடைசி மூலைக்குத்தான் முதல்ல போகுது. அங்க எல்லாம் காலி, காலி ஃபிளாஷ்ல இருக்கற மதிப்பை சிப் ஒண்ணும் கெடுக்காத கட்டளையா எடுத்துக்கிட்டு தாண்டித் தாண்டிப் போய், முடிவு வந்ததும் சுத்தி ஸீரோ அட்ரஸுக்கு வந்துடும், அங்க உங்க கோட் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது, சிப்போட மனசு தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

ஆனாலும் சந்தேகத்தை மட்டும் நம்பி வேலையை ஆரம்பிக்காதீங்க, முதல்ல செக் பண்ணுங்க. மோட்டாரை ஆன் ஆஃப் பண்ற ரிலேல 230 வோல்ட் ஓடுது, அதனால மோட்டார் லைனைக் கழட்டிட்டு போர்டைத் தனியா எடுத்து வெச்சுட்டுத்தான் எதுவும். ஆர்எக்ஸ், டிஎக்ஸ் பின்ல ப்ளூடூத் மாட்யூல் மாதிரி ஏதாவது மாட்டியிருந்தா அதையும் எடுத்துடுங்க, அப்லோட் நிக்கறதுக்கு அதுவே போதும். டூல்ஸ் மெனுல புராசஸர்ல 'ஓல்ட் பூட்லோடர்' ஒரு தடவை, சாதா 328பி ஒரு தடவை போட்டுப் பாருங்க, பழசு 57600 ஸ்பீட்ல பேசும், புதுசு 115200, தப்பானதை எடுத்தாலும் இதே எரர்தான் வரும். அப்லோட் ஆரம்பிக்கும்போது போர்டைத் தானா ரீசெட் பண்ற கெபாசிட்டர் வேலை செய்யலையோன்னு தோணினா, கீழ 'அப்லோடிங்'னு வர்ற நேரத்துல ரீசெட் பட்டனை நீங்களே ஒரு தட்டு தட்டுங்க.

யூஎஸ்பியை சீரியலா மாத்திக் குடுக்கற தனி சிப்பையும் (சிஎச்340) சோதிக்கலாம். ரீசெட் பின்னை கிரவுண்டோட ஒரு ஒயரால சேத்துட்டு, ஆர்எக்ஸையும் டிஎக்ஸையும் இன்னொரு ஒயரால சேத்து, சீரியல் மானிட்டர்ல நாலு எழுத்து தட்டி அனுப்புங்க. அதே எழுத்து திரும்பி வந்துட்டா கேபிள், டிரைவர், சிஎச்340 எல்லாம் நல்லா இருக்கு, வரலைன்னா தப்பு அந்தப் பக்கம், பூட்லோடரைத் தொடவே வேணாம். கடைசியா ரெண்டு ஒயரையும் எடுத்துட்டு ரீசெட்டை அமுக்கி 13-ம் பின் எல்இடியைப் பாருங்க. பூட்லோடர் இருந்தா கோட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டக்டக்னு மின்னும், இல்லன்னா மின்னாம நேரா கோட் ஓடும்.

மின்னலைன்னா அதே யூஎஸ்பிஏஎஸ்பியை மறுபடி கேட்டு வாங்குங்க. அதுவும் கிடைக்கலைன்னா வேற ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டுல, அதையே புரோகிராமரா மாத்தற 'ஆர்டுயினோ ஏஸ் ஐஎஸ்பி' ஸ்கெட்ச் (ரெடிமேட் கோட்) ஏத்தி, அதோட 10, 11, 12, 13 பின்னை நானோவோட ரீசெட், 11, 12, 13-க்கு வரிசையா போட்டு, 5 வோல்ட்டும் கிரவுண்டும் குடுத்தா போதும். ஸ்கெட்ச் ஏறினதுக்கு அப்புறம் ஊனோவோட ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைங்க, இதை மறந்தா அந்த ஊனோவே ரீசெட் ஆகி ரொம்பப் படுத்தும். நானோவுக்கு அந்த நேரம் தனி சப்ளை குடுக்காதீங்க.

போர்டு நானோ, புராசஸர் சாதா 328பி, அப்புறம் 'பர்ன் பூட்லோடர்'. சிப்போட அடையாள எண்ணான சிக்னேச்சர் 1ஈ 95 0எஃப்னு வரணும். மொத்தமும் ஸீரோவா வந்தா ஒயரிங்தான் தப்பு, ஒண்ணொண்ணா புடுங்கி மாட்டுங்க. 1ஈ 95 16 வந்தா உங்க போர்டுல இருக்கறது 328பிபி, ஐடிஇ ஒத்துக்காது, அந்த சிப்புக்கான கோரை (போர்டு பேக்கேஜை) ஐடிஇல தனியா போடணும்.

ஒண்ணு ஞாபகம் வைங்க, பர்ன் பண்ணும்போது கோட் மட்டும் இல்ல, கரன்ட் போனாலும் அழியாத ஈஈப்ராம் மெமரில சேத்து வெச்ச டேங்க் லெவல் மதிப்பும் அழிஞ்சுடும், அதை முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க.

முடிஞ்சதும் புரோகிராமரைக் கழட்டிட்டு யூஎஸ்பி கேபிளை மாட்டி ரீசெட் அமுக்குங்க, எல்இடி மின்னணும். மின்னிச்சுன்னா முதல்ல எல்இடியை மினுக்கற 'பிளிங்க்' சாம்பிள் கோடை ஏத்திப் பாருங்க, அது ஏறினா டேங்க் கோடை ஏத்தி லெவலை செட் பண்ணி, ரிலே சும்மா டிக் டிக்னு சரியா அடிக்குதான்னு ரெண்டு மூணு தடவை பாத்துட்டு அப்புறமா மோட்டார் லைனைக் குடுங்க.