சம்மனில் பெயர் தப்பாக இருந்தால் சம்மன் செல்லாதா?

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எனக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை ஊரில் வேலை. பினாங்குப் பாலத்தில் வேகமாகப் போனதாக என் மைவி காருக்குச் சம்மன் வந்திருக்கிறது. என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. கார் சாம்பல் நிறம், சம்மனில் வெள்ளை. காலை 10.40 என்று போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் தொழிற்சாலையில் இருந்தேன். ‘தப்பான சம்மன் செல்லாது, கிழித்துப் போடு’ என்கிறார் நண்பர். விட்டுவிடலாமா?”

கிழிக்காதீர்கள். நாசி கண்டார் கடை மேசையில் சொல்லப்படும் சட்டங்களில் இது ரொம்பப் பழையது. நம் பெயர்களை ‘அ/லெ’ (இன்னாரின் மகன்) போட்டு நீளமாக எழுதும்போது ஓர் எழுத்து விழுவது இந்த நாட்டில் அன்றாடம் நடப்பது. குற்றச்சாட்டில் இருக்கும் ஒரு பிழை உங்களை உண்மையிலேயே திசைதிருப்பியிருந்தால்தான் நீதிமன்றம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 156-ஆம் பிரிவு சொல்வது அதைத்தான். தீர்ப்புக்கு முன் குற்றச்சாட்டைத் திருத்தவும் 158-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆகவே பெயர்ப் பிழையை மறந்துவிடுங்கள்.

நிறமும் நேரமும் அப்படியல்ல. ‘வெள்ளை’ என்பது எழுதியவரின் கைப்பிழையாக இருக்கலாம். ஆனால் வேகக் கேமரா எடுத்த படத்தில் இருப்பது உண்மையிலேயே வேறொரு வெள்ளைக் காராகவும் இருக்கலாம். எண் பலகையில் எம், என் எழுத்துகள் மாறிப் படிக்கப்பட்டிருக்கலாம். யாராவது உங்கள் எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு சுற்றலாம். அதனால் முதல் வேலை, போக்குவரத்துப் போலீஸ் கவுண்டருக்குப் போய்ப் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது. காரின் கிராண்ட் (பதிவுச் சான்று), அடையாள அட்டை, உங்கள் காரை முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். எண் தப்பாகப் படிக்கப்பட்டிருந்தால் ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். போலி எண் என்று தெரிந்தால் அன்றே ரிப்போர்ட் செய்யுங்கள். அடுத்த சம்மனும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

நேரத்துக்குச் சாட்சி தேடும்போது பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. பஞ்ச் கார்டு உங்களைத்தான் காட்டும், காரைக் காட்டாது. தம்பி வண்டியை எடுத்துப்போயிருந்தால்? சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி யார் ஓட்டினார் என்று கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலை வாசலில் பாதுகாவலர் எழுதும் வண்டிப் பதிவோ கேமரா பதிவோ கிடைத்தால் அதுதான் பலம். கேமரா பதிவுகள் சீக்கிரம் அழிந்துபோகும், உடனே கேளுங்கள். டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையின் கணக்கையும் எடுக்கலாம்தான். ஆனால் பாலத்தில் தீவுக்கு வரும் பக்கம் மட்டுமே டோல். பட்டர்வொர்த் பக்கம் போனதற்குத் தடயமே இருக்காது. சம்மன் எந்தத் திசைக்கு என்று முதலில் பாருங்கள்.

சரி, பணம்? 2026 ஜனவரி 1 முதல் 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 30 நாளுக்குள் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அதற்கப்புறம் முழுத்தொகை, 60 நாள் தாண்டினால் நீதிமன்றம். கட்டிவிட்டால், வழக்குக்குப் போகாமல் பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளும் சமரசத்தை ஏற்றதாகிவிடும், பிறகு வாதாட ஒன்றுமில்லை. எனவே முதல் வாரத்திலேயே படத்தைப் பாருங்கள். அது உங்கள் கார்தான் என்றால் பாதி விலையில் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். பெயர்ப் பிழையை வைத்துச் சண்டை போடுவது வீண் என்பது என் கருத்து.

உங்கள் கார் இல்லை, மனுவையும் ஏற்கவில்லை என்றால் கட்டாதீர்கள். ஜார்ஜ் டவுனில் உள்ள லெபோ லைட் நீதிமன்றத்துக்கு அழைப்பு வந்தால் குறித்த நாளில் போய், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, விசாரணை வேண்டும் என்று சொல்லுங்கள். வேகக் குற்றத்துக்கு அங்கே 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம் போடலாம், ஆகவே ஆதாரம் இல்லாமல் வீம்புக்குப் போகாதீர்கள். மலாய் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். கைது வாரண்ட் வரக்கூடும், அதில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும்.