தவணையில் வரும் துப்பாக்கிப் பாகங்கள்: எங்கே நிறுத்துவது?

கேள்வி: டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். எனக்கு கிரீன் கார்டு உண்டு. 1,000 கஜம் சுடக்கூடிய 6.5 கிரீட்மோர் (ஒரு தோட்டா வகை) ரைபிள் ஒன்றைப் பாகம் பாகமாகச் சேர்த்து நானே கட்ட வேண்டும் என்பது மூன்று வருட ஆசை. 2,500 டாலர் எல்லை வைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆக்‌ஷன் (தோட்டாவைப் பூட்டிச் சுடும் நடுப்பகுதி) 950, டிரிக்கர் 190, சேஸிஸ் (மற்றப் பாகங்களைத் தாங்கும் உடல்) 800, மூன்றும் கிரெடிட் கார்டில். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) 1,400, மாதம் 70 வீதம் 24 தவணை. அது வந்து இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை, 30 நாளுக்குள் திருப்பலாம். பேரல் (குழல்) இன்னும் வாங்கவில்லை. பழைய பாக்கியோடு கார்டில் 6,040 நிற்கிறது, வட்டி 24 சதவீதம். வீட்டுச் செலவு போக மாதம் 450 மிஞ்சும்; ஸ்கோப் தவணையை இதில் கழிக்கவில்லை. மச்சினன் ஹெச்-1பி விசாவில் இருக்கிறான். "ஒரே தடவை அழுதுட்டு நல்லதா வாங்கிடணும் அத்தான்" என்கிறான். அவனுக்கும் ஒரு ஆக்‌ஷன் என் பெயரில் வாங்கச் சொல்கிறான், பணம் தந்துவிடுவானாம். பேரலுக்கும் தவணை எடுக்கலாமா? மனைவிக்கு இன்னும் முழுக் கணக்கு தெரியாது.

பதில்: எடுக்க வேண்டாம். பேரல் மட்டுமல்ல, ஒரு திருகாணிகூட இனி தவணையில் வேண்டாம்.

24 சதவீத வட்டி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் விளக்கப் போவதில்லை. உங்களைக் கெடுப்பது ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனிச் செலவாகப் பார்க்கும் பழக்கம். 190 சின்னத் தொகை. மாதம் 70-உம் சின்னத் தொகை. மொத்தத்தை ஒரே தாளில் எழுதியிருந்தால் ஸ்கோப்புக்கு முன்பே கை நின்றிருக்கும். இப்போது எழுதுவோம். வாங்கியது 3,340. இனி பேரல் சுமார் 450, ஸ்கோப்பைப் பொருத்தும் மவுண்ட் 130, முன்பக்கத்தைத் தாங்கும் இருகால் பைபாட் 110, உதைப்பைக் குறைக்கும் மஸில் பிரேக்கும் தோட்டா அடைக்கும் மேகஸினும் 150. ஆக 4,180. நீங்கள் சொன்னது வரிக்கு முந்தைய விலை என்றால், 8.25 சதவீத விற்பனை வரி இன்னொரு 345. மொத்தம் 4,500-ஐத் தாண்டுகிறது. ஸ்கோப்புக்குத் தவணை முடியும்போது 1,680 கட்டியிருப்பீர்கள்; அந்த 280 இதில் இல்லை.

இதில் ஒரு தோட்டாவின் விலைகூட இன்னும் சேரவில்லை. நீள்தூரச் சுடுதலில் பெரிய செலவே அதுதான். நல்ல மேட்ச் (போட்டித் தர) தோட்டா 20 கொண்ட பெட்டி சுமார் 36 டாலர். மாதம் மூன்று பெட்டி சுட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 1,300. உங்கள் கார்டு வட்டி இப்போதே மாதம் 120. அதாவது மூன்று பெட்டிக்கு மேல் வட்டியே தின்கிறது. 6.5 கிரீட்மோர் பேரல் இரண்டாயிரம், மூவாயிரம் தோட்டாவில் தேய்ந்துவிடும், கார் டயர் மாதிரி. 2,500 தோட்டாவுக்கு 4,500 டாலர். ஒரு பேரலின் ஆயுளுக்குள் இன்னொரு துப்பாக்கியின் விலையைச் சுட்டுத் தீர்க்கிறீர்கள். அந்தப் பணம் இல்லாதவரிடம் எவ்வளவு நல்ல சேஸிஸ் இருந்தும் அது அலமாரியில்தான் நிற்கும்.

மச்சினன் சொல்வதில் பாதி சரி. மட்டமான ஸ்கோப் வாங்கினால் மறுபடி வாங்க நேரும். ஆனால் 1,000 கஜத்தில், மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 6.5 கிரீட்மோர் குண்டை ஏறக்குறைய ஆறடி தள்ளிவிடும். அந்த ஆறடியைக் கணிப்பது பயிற்சி. அதை எந்தக் கடையும் தவணைக்குத் தருவதில்லை.

அவன் கேட்கும் ஆக்‌ஷன் விஷயத்தில் எனக்கு நிஜமாகவே பயம். அமெரிக்கச் சட்டத்தில் ஆக்‌ஷன்தான் துப்பாக்கி. பேரலும் ஸ்கோப்பும் சாதாரணச் சரக்கு. ஆக்‌ஷன் வாங்கும்போது நிரப்பும் படிவம் 4473, உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்கிறது. அவன் பணத்தில் அவனுக்காக வாங்கிவிட்டு ஆம் என்று எழுதினால் அது மத்தியக் குற்றம். 2022 சட்டப்படி 15 வருடம் வரை சிறை உண்டு, கிரீன் கார்டும் ஆபத்தில் விழும். ஹெச்-1பி விசாவில் இருப்பவர் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. அவனே உரிமம் எடுத்து, வழக்கறிஞரிடம் கேட்டு, தன் பெயரில் வாங்கட்டும். உறவு கசந்தாலும் இதில் இளக வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது: ஸ்கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். சேஸிஸை விற்றால் 600 கிடைக்கலாம், ஆனால் பிறகு மறுபடி 800-க்கு வாங்க வேண்டும், அது இருக்கட்டும். மாதம் 450-இல் 420 கார்டுக்கு. 18 மாதத்தில் 6,040-உம் தீரும். மீதி 30 டாலருக்கு சின்னத் தோட்டா போடும் ஏதாவது ஒரு .22 ரைபிளில் சுடுங்கள்; இல்லாவிட்டால் நண்பரிடம் கேட்டு, சுடுதளத்திலேயே சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். 100 கஜத்தில் 10 மைல் காற்று அந்தக் குண்டை நாலு அங்குலம் தள்ளும். காற்றைப் படிக்க அதைவிட மலிவான பள்ளி கிடையாது. கார்டு தீர்ந்தபின் ஒரு மாதம் பேரல், அடுத்த இரண்டு மாதம் 900-க்குள் ஒரு ஸ்கோப், எல்லாம் ரொக்கமாக. ஸ்கோப்பின் குறியைத் திருத்தும் திருகான டர்ரட்டை எத்தனை தடவை திருப்பினாலும் பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்புகிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம். தோட்டாவை வீட்டிலேயே நிரப்பினால் மிச்சம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். கருவிகளுக்கே ஆயிரம் டாலர் போய்விடும். மாதம் 60 தோட்டா சுடுபவருக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை.

மனைவியிடம் 6,040 என்ற எண்ணையே சொல்லுங்கள், "கொஞ்சம் பாக்கி" என்று சொல்லாதீர்கள். 18 மாதக் கணக்கையும் அதே பேச்சில் காட்டுங்கள்.

ஸ்கோப்புக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்; கடன் ரத்தானதாக எழுத்தில் வரும்வரை விடாதீர்கள். பொருள் கடைக்குத் திரும்பிய பிறகும் 70 டாலர் தவணை வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.