ஊசி குத்தினால் என்ன செய்வது? குமுளி, கம்பம் ஆஸ்பத்திரி ஊழியர்களின் எச்.ஐ.வி. கேள்விகள்

மலைக்கு மேலேயும் கீழேயும் வேலை செய்பவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் தொற்றுத் தடுப்புப் பணியில் இருக்கும் மூத்த செவிலியர்.

குமுளி, நர்ஸ்: சிஸ்டர், எச்.ஐ.வி. உள்ளவருக்கு ரத்தம் எடுக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டால் முதலில் என்ன செய்யணும்?

விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ பிளீச்சிங்கோ ஊற்றாதீர்கள். தோல் இன்னும் புண்ணாகும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீர் அல்லது சலைன். அடுத்து டியூட்டி டாக்டரிடம் சொல்லி, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் பெப் மாத்திரையைத் தொடங்குங்கள். 2 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் தொடங்குவதில்லை. நோயாளியின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், நெகட்டிவ் வந்தால் டாக்டர் நிறுத்தச் சொல்வார். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, 28 நாள். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, கால்சியம், அசிடிட்டி மருந்து எடுப்பவர்கள் கவனிக்கணும்: அவை டோலுடெக்ராவிரை உடம்பில் ஏறவிடாது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ பெப் மாத்திரையைப் போடுங்கள். ரத்தச் சோதனை அன்றே ஒன்று, பிறகு 6ஆம் வாரம், 3ஆம் மாதம், 6ஆம் மாதம். அதுவரை ஆணுறை அவசியம், ரத்த தானம் கூடாது.

அதே நர்ஸ்: எவ்வளவு ஆபத்து?

மாத்திரை போடாவிட்டாலும் 1000 குத்துக்குச் சுமார் 3 பேர். நோயாளி முறையாக மருந்து சாப்பிட்டு வைரஸ் அளவு அடங்கியிருந்தால் இன்னும் வெகு குறைவு. ரத்தம் நிறைந்த குழல் ஊசி ஆழமாக இறங்கினால் கூடும். தையல் ஊசியில் குறையும். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி 1000க்கு 300 வரை போகும். எச்.ஐ.வி. என்றதும் நடுங்குகிறவர்கள் 0, 1, 6 மாதக் கணக்கில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றையும் போட்டுக்கொண்டார்களா என்று கேளுங்கள்!

கம்பம், துப்புரவுப் பணியாளர்: தரையில் ரத்தம் சிந்தினால் நேரா மாப் போடலாமாம்மா?

கூடாதும்மா, பரவும். தடித்த கையுறை போட்டு, பழைய துணியால் மூடி, அதன் மேல் 1 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் கரைசல்) ஊற்றி 20 நிமிடம் விடுங்கள். அப்புறம் உள்நோக்கித் துடைத்தெடுத்து, துணியை மஞ்சள் பையில் போடுங்கள். அந்தக் கரைசலை 30 சதவீத பிளீச்சிங் பவுடரில் கலக்குவதென்றால் 1 லிட்டருக்குச் சுமார் 35 கிராம். நேற்றுக் கலக்கியதைப் பயன்படுத்தாதீர்கள், வீரியம் போயிருக்கும். துணிக்குள் ஊசி கிடந்தால் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்து வெள்ளை டப்பாவில் போடுங்கள்.

வண்டிப்பெரியாறு, லேப் டெக்னீஷியன்: ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவ் என்றால் கட்டிலில் சிவப்பில் எழுதிவைக்கச் சொல்கிறார்கள்.

எழுதாதீர்கள் தம்பி. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம் (2017) சம்மதமில்லாத சோதனையையும் விவரத்தை வெளியிடுவதையும் தடுக்கிறது. சிகிச்சை தரும் டாக்டருக்குத் தெரிய வேண்டியது கேஸ் ஷீட்டுக்குள் இருக்கட்டும், உதாரணமாக, டி.பி.க்கு ரிஃபாம்பிசின் மருந்து கொடுத்தால் டோலுடெக்ராவிர் இரண்டு வேளையாக மாறணும். கட்டிலில் தொங்கும் அட்டைக்கு அந்த வேலை இல்லை. இன்னொரு ஓட்டை: தொற்றின் ஆரம்ப வாரங்களில் ரேப்பிட் டெஸ்ட் நெகட்டிவ் காட்டும். சிவப்பு எழுத்து இல்லாத கட்டிலில் கையுறையை மறப்பதுதான் மிச்சம். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆஸ்பத்திரியில் புகார் அதிகாரி இருக்கணும், அவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

பீர்மேடு எஸ்டேட் டிஸ்பென்சரி: தமிழ்நாட்டு ஊருக்கு இறங்குகிற தொழிலாளிக்கு எச்.ஐ.வி. மாத்திரை எப்படிக் கிடைக்கும்?

எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாற்றுக் கடிதம் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். பெயரில் குழம்பக்கூடாது: சோதனை மையத்துக்குக் கேரளத்தில் ஜ்யோதிஸ், தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம். சந்தேகம் வந்தால் 1097க்குக் கூப்பிடலாம், காசில்லை.

கம்பம், வார்டு ஆயா: எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தட்டு, டம்ளர் தனியா வைக்கணுமா?

வேண்டாம். அவருக்கு இரண்டு வாரமாக இருமல் என்றால் சளியை டி.பி. சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறங்கள், நீங்கள் என்95 போடுங்கள்.