மூணு பட்டையோடு வந்தேன், பென்ஷன் தாளில் ரெண்டுதான் இருக்கிறது

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 78. உசிலம்பட்டி பக்கம் கிராமம். 1966-ல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து 1984-ல் பென்ஷனில் வந்தேன். 1971 சண்டையின்போது மேற்கு எல்லையில் இருந்தேன். வெளியே வரும்போது நான் ஹவில்தார், மூணு பட்டை. டிஸ்சார்ஜ் புக்கிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பென்ஷன் ஆர்டரில் நாயக் என்று, அதாவது ரெண்டு பட்டை ரேங்கைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வாசிக்க வராது, இத்தனை வருடம் கவனிக்கவில்லை. போன மாதம் பேரன் ஸ்பார்ஷ் என்கிற பென்ஷன் வெப்சைட்டில் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களை நாயக்னுல்ல போட்டிருக்கு, ஊரெல்லாம் அவில்தார்னு சொல்லிக்கிட்டுத் திரியுறீங்க" என்கிறான். டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் பக்கத்தைப் பார்த்தால் அதில் 1971 சண்டைக்கான பஷ்சிமி ஸ்டார் இல்லை. இரண்டையும் சரிசெய்து தர 8,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா? இந்த வயதில் இதெல்லாம் நடக்குமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், உசிலம்பட்டி வட்டம்)

பதில்: அண்ணே, வயதிலும் சர்வீஸிலும் நீங்கள் எனக்கு மூத்தவர். அண்ணே என்றே கூப்பிடுகிறேன்.

முதலில் அந்த 8,000 ரூபாய். கொடுக்காதீர்கள். இந்த மனுவுக்கு அரசாங்கத்தில் கட்டணமே கிடையாது. தபால் செலவு, ஜெராக்ஸ் செலவு, ஆர்.டி.ஐ. போட்டால் ஒரு 10 ரூபாய், அவ்வளவுதான். அந்த ஆள் செய்யப்போவதும் ஒரு மனுவை டைப் அடித்து அனுப்புவதுதான். அதுவும் பெரும்பாலும் தப்பாகத்தான் எழுதுவார்கள். எப்படித் தப்பு என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து பேரனுக்கு ஒரு பதில். நீங்கள் பொய் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் புக்கில் ஹவில்தார் என்று இருந்தால் நீங்கள் ஹவில்தார்தான். பென்ஷன் ஆர்டரில் நாயக் என்று இருப்பதால் மட்டும் அது இல்லையென்று ஆகிவிடாது. பட்டாளத்தில் 'ரேங்க்' என்ற ஒரே வார்த்தைக்கு ரெண்டு வேலை உண்டு. வெளியே வரும் நாளில் தோளில் இருந்தது ஒன்று. பென்ஷன் கணக்குப் போட எடுத்துக்கொண்டது இன்னொன்று. இரண்டும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் உங்கள் காலத்தில் கிடையாது.

காரணம் பத்து மாத விதி. ஒரு ரேங்கில் கடைசிப் பத்து மாதமாவது தொடர்ந்து சம்பளத்தோடு இருந்திருந்தால்தான் அந்த ரேங்குக்கான பென்ஷன். ஆறு மாதத்திலோ எட்டு மாதத்திலோ வெளியே வந்துவிட்டால் அதற்குக் கீழ் ரேங்கில்தான் கணக்கு. மூணாவது பட்டை எந்த மாதம் கிடைத்தது என்பதை உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லவே இல்லை. கேஸே அந்தத் தேதியில்தான் இருக்கிறது. நீங்கள் வீட்டுக்கு வந்தது 1984 மார்ச் கடைசி என்று வைத்துக்கொள்வோம். ஹவில்தார் ஆனது 1983 மார்ச் என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, பென்ஷன் ஆர்டரில் நாயக் என்று இருப்பது பிழை. 1983 அக்டோபர் என்றால் அது பிழையே இல்லை, அன்றைய விதிப்படி போட்ட கணக்கு. அந்த விதியை எதிர்த்து ட்ரிப்யூனலுக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் அது வக்கீல் வைத்துச் செய்யவேண்டிய வாதம். 'திருத்தித் தாருங்கள்' என்று மனுப் போட்டு நடக்கிற காரியமில்லை.

ஆக்டிங் விஷயம் ஒன்றும் உண்டு. சம்பளம் இல்லாத ஆக்டிங் ரேங்க் கொடுத்துப் பட்டையை மட்டும் போடவைக்கும் வழக்கம் நம் காலத்தில் சாதாரணம். ஊர்க்காரர்களுக்குப் பட்டைதான் தெரியும். பே ஆபீஸுக்குத் தெரிந்தது சம்பளம் மட்டும்தான். உங்களுடையது எதுவென்று டிஸ்சார்ஜ் புக்கை வைத்து மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள்.

சரி, அந்தத் தேதியை எங்கே பிடிப்பது? பார்ட் டூ ஆர்டரில். பிரமோஷன், கல்யாணம், பிள்ளை பிறந்தது, லீவு என்று ஒரு ஜவானுக்கு நடக்கும் எல்லாவற்றையும் யூனிட் அதில்தான் வெளியிடும். அதன் நகல் ரெக்கார்ட் ஆபீஸுக்கும் போகும், பே ஆபீஸுக்கும் போகும். அதைப் பார்த்துத்தான் உங்கள் ஷீட் ரோலில், அதாவது உங்கள் சர்வீஸ் விவரமெல்லாம் உள்ள ரெக்கார்டில், பதிவு ஏறும். பார்ட் டூ ஆர்டர் வெளியாகி, ஷீட் ரோலில் மட்டும் ஏறாமல் விட்டுப்போயிருந்தால் அது சுத்தமான எழுத்துப் பிழை, எத்தனை வருடம் கழித்தும் கேட்கலாம். ஆர்டரே வெளியாகவில்லை என்றால் பாடு கஷ்டம்தான்.

இதையெல்லாம் இவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொல்கிறேன் என்றால், நானும் பட்டாளத்தில் க்ளார்க்காக இருந்தவன். ஒரே பெயரில் ரெண்டு பேர், எண்ணில் ஒரே ஒரு இலக்கம் வித்தியாசம். ஒருவருடைய பிரமோஷனை இன்னொருவர் தாளில் ஏற்றிவிட்டேன். நாலு மாதம் கழித்து, பிரமோஷன் கிடைக்காதவர் சம்பளச் சீட்டோடு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். திட்டவில்லை. "சாப், இது நான் இல்லையே" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து ஆர்மி நம்பரை மூன்று முறை வாசிக்காமல் பேனாவைத் திறப்பதில்லை. நீங்களும் மனுவில் உங்கள் ஆர்மி நம்பரை, பின்னால் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்து, டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி அப்படியே எழுதுங்கள். கையெழுத்தும் அதில் இருக்கிற மாதிரியே போடுங்கள். பேங்கில் போடுகிற புதுக் கையெழுத்து வேண்டாம்.

இப்போது மெடலுக்கு வருவோம். எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. 1971-ல் மேற்குப் பகுதியில் சண்டைக் களத்தில் இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார், கிழக்கில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். சங்ராம் மெடல் அதைவிடப் பரவலானது. பஞ்சாப், ராஜஸ்தான், குஜராத், காஷ்மீர் போன்ற பகுதிகளில் 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரையிலான காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கு உரியது. 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழா மெடல் தனி. ஒன்பது வருடம் முடித்ததற்கும் ஒரு மெடல் உண்டு. உங்கள் புக்கில் சங்ராமும் வெள்ளிவிழா மெடலும் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சங்ராம் இருந்து ஸ்டார் மட்டும் இல்லையென்றால், நீங்கள் அந்தப் பக்கம் இருந்ததை ரெக்கார்டே பாதி ஒப்புக்கொண்ட மாதிரி. மீதியை உங்கள் பட்டாலியன் அன்று எங்கே இருந்தது, நீங்கள் அதோடு இருந்தீர்களா, சென்டரிலோ லீவிலோ ஆஸ்பத்திரியிலோ இருந்தீர்களா என்பது முடிவுசெய்யும். உங்களோடு அதே கம்பெனியில் இருந்து ஸ்டார் வாங்கிய ஒருவர் பேரையூர், திருமங்கலம் பக்கம் உயிரோடு இருந்தால் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கின் மெடல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு வையுங்கள். அதுவே தீர்ப்பாகிவிடாது. ஆனால் தேடுகிற க்ளார்க்குக்கு எந்த ஃபைலைத் திறப்பது என்று தெரியும்.

இந்த ஸ்டார், சங்ராம் எல்லாம் சர்வீஸ் மெடல்கள். இதனால் பென்ஷனில் ஒரு ரூபாயும் கூடாது. மாதப் பணம் வருவது வீர் சக்ரா, சேனா மெடல் மாதிரி வீரத்துக்குக் கொடுக்கும் விருதுகளுக்குத்தான். அவை இந்திய அரசிதழில் பெயரோடு வெளியாகும், அதனால் அவற்றில் தகராறு வந்தாலும் தேடிப்பிடிப்பது சுலபம். பணம் இல்லாத மெடலுக்கு எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று வீட்டில் யாராவது கேட்டால் காதில் வாங்காதீர்கள்.

வீட்டில் மெடல் ஏதாவது மிச்சம் இருந்தால் துணியால் துடைத்து அதன் விளிம்பைப் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். அதில் சிப்பாய் என்று இருந்தால் பதறவேண்டாம். மெடலுக்கு உரியவரானபோது என்ன ரேங்கோ அதைத்தான் பொறிப்பார்கள். அதைத் திருத்தக் கேட்டு யாரும் மனுப் போடக்கூடாது, போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த 8,000 ரூபாய்க்காரர் செய்யும் தப்பு என்னவென்று சொல்கிறேன் என்றேனே. ரேங்க், மெடல், பென்ஷன் அரியர், கூடவே 'நான் நாட்டுக்காக ரத்தம் சிந்தினேன்' என்று ரெண்டு பக்கம், எல்லாவற்றையும் ஒரே மனுவில் திணித்து டெல்லிக்கு அனுப்புவார்கள். அது அங்கே ரெண்டு மூணு மேஜை சுற்றிவிட்டுக் கடைசியில் வெலிங்டனுக்குத்தான் வரும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது, நேராக அங்கேயே அனுப்புங்கள். (இதைப் படிக்கிற மற்றவர்கள் கவனிக்க: எம்.இ.ஜி. என்கிற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு. ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று எல்லோரும் வெலிங்டனுக்கு எழுதாதீர்கள்.) ரேங்குக்கு ஒரு மனு, மெடலுக்கு ஒரு மனு. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தத் தாளில் என்ன இருக்கிறது, என்ன இருக்கவேண்டும், அதற்கு எந்தத் தாள் சாட்சி. இந்த மூன்றுதான் வரவேண்டும். இங்கிலீஷில் எழுதவேண்டியிருக்கும், பேரனை உட்காரவையுங்கள். அவன்தானே ஆரம்பித்தான்!

ஆனால் மனுவுக்கு முன்னால் ஆர்.டி.ஐ. போடுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் உங்கள் சொந்த ஷீட் ரோலின் நகல், ஹவில்தார் பிரமோஷனுக்கான பார்ட் டூ ஆர்டரின் நகல், மெடல் பதிவுகள் உள்ள பக்கம், இவற்றை அதே ரெக்கார்ட் ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் பிறகு கேட்பார்கள். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. 'ஏன் என் ரேங்கைக் குறைத்தீர்கள்' என்று அதில் கேட்காதீர்கள். ஆர்.டி.ஐ.யில் தாளைத்தான் கேட்கலாம், காரணம் கேட்டால் கைவிரித்துவிடுவார்கள். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களுடைய ஆவணங்களை 25 வருடம் கழித்து அழித்துவிடுவார்கள், லாங் ரோல் என்ற பதிவேடு மட்டும்தான் மிஞ்சும். நீங்கள் பென்ஷன்காரர், அந்தப் பயம் உங்களுக்கு இல்லை.

தாள் வந்து தேதியும் பத்து மாதத்தைத் தாண்டியிருந்தால், மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ஒரு நகலை மதுரையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் மூலமாகவும் அனுப்பச் சொல்லுங்கள். ரெக்கார்ட் ஆபீஸ் ஒப்புக்கொண்டால் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு எழுதும், அங்கிருந்து திருத்தப்பட்ட பென்ஷன் ஆர்டர் வரும். பேங்க் மேனேஜரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், அவரால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஸ்பார்ஷிலும் ரேங்கை நீங்களாக மாற்ற முடியாது. பேரன் எதையாவது தட்டிவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிலே வராமல் ஆறு மாதம் ஓடிவிட்டாலோ, முடியாது என்று எழுதிவிட்டாலோ, சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. முடியாது என்ற கடிதம் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும், கடிதத்தை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1984-லிருந்து நாற்பது வருட அரியர் வரும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். மாதாமாதம் குறைவாக வருகிற பென்ஷன் தொடர்ந்து நடக்கிற தவறு என்பதால் தாமதமாகக் கேட்டாலும் கேட்பார்கள். ஆனால் பழைய பாக்கியைப் பெரும்பாலும் வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும்தான் தருவார்கள். தர்சேம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் வைத்த வரம்பு அது. இனிமேல் வரும் மாதப் பென்ஷனில்தான் உங்களுக்கு லாபம். ஓ.ஆர்.ஓ.பி. என்கிற 'ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்' அட்டவணை ரேங்க்கையும் சர்வீஸையும் பார்த்துத்தான் தொகை போடுகிறது. 2014, 2019, 2024 ஜூலை என்று மூன்று தடவை அது மாறியபோதும் உங்களுக்கு நாயக் வரிசையில்தான் கணக்குப் போட்டிருப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் புக்கை எடுக்கும்போதே வீட்டம்மா பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி பென்ஷன் ஆர்டரில் இருக்கிறதா பாருங்கள். நம் பக்கத்துப் பெயர்களை அந்தக் காலத்து க்ளார்க்குகள் படுத்திய பாடு எனக்குத் தெரியும், நானே படுத்தியிருக்கிறேன். இன்ஷியலைக் கடைசியில் போடுவார்கள், அப்பா பெயரை முன்னால் ஒட்டுவார்கள். குடும்பப் பென்ஷன் நேரத்தில் அந்தம்மா தனியாக வெலிங்டனுக்கு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. ரேங்க் மனு எப்படிப் போனாலும் இதை முதலில் முடியுங்கள்.

மூணாவது பட்டை வந்த தேதி தெரிந்ததும் ஒரு கார்டு போடுங்கள் அண்ணே. பத்து மாதம் வருகிறதா என்று சேர்ந்தே எண்ணிப் பார்ப்போம்.