மூன்றாம் சபையில் சேரலாமா?

அன்புள்ள ஐயா,

எனக்கு 49 வயது. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறோம், பீன்யாவில் ஒரு டூல் ரூமில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு, பங்குப்பேரவை என எல்லாவற்றிலும் இருந்தவன். வின்சென்ட் சபைக்காக வீடு வீடாக அரிசி கொண்டுபோன ஞாயிறுகளைத்தான் நல்ல நாட்கள் என்பேன். தேர்த் திருவிழாக் கணக்கில் செயலாளரோடு தகராறாகி, பேரவையை விட்டு விலகினேன். இப்போது, குடும்பத்தில் இருந்தபடியே அசிசி பிரான்சிஸ் வழியில் வாழ்கிறவர்களின் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர மனம் துடிக்கிறது. நண்பர் ஒருவர், கார்மேல் துறவிகளின் மூன்றாம் சபைதான் உனக்குப் பொருந்தும் என்கிறார். மனைவியோ, "சாமியாராகணும்னா கல்யாணத்துக்கு முன்னாடியே போயிருக்கணும்" என்கிறாள். இது இறையழைத்தலா, என் ஆசையா?

(பெயர் வேண்டாம், பெங்களூரு)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மனைவிக்குப் பதில் சொல்லிவிடுவோம். மூன்றாம் சபையில் சேர்ந்தால் யாரும் சாமியாராவதில்லை. திருச்சபைச் சட்டப்படி நீங்கள் பொதுநிலையினராகவே, அதாவது குருவோ துறவியோ அல்லாதவராகவே, இருப்பீர்கள்: அதே கணவர், அதே அப்பா, அதே பீன்யா ஷிஃப்ட். வீடு வாசலை விடமுடியாதவர்களுக்காகத்தான் இந்த வழியே உண்டானது. 1221-லேயே அதற்கொரு வாழ்க்கை முறை எழுதிவிட்டார்கள். அந்தச் சபையின் பாதுகாவலர்களான ஹங்கேரி எலிசபெத்தும் பிரான்ஸ் அரசர் லூயியும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

ஆனால் உங்கள் மனைவி அங்கிக்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பயப்படுகிறார். வாரம் முழுக்க ஹெப்பால் டிராஃபிக்கில் கிடக்கிற மனிதர், மிச்சமிருக்கிற ஒரு நாளையும் இதுவரை பங்குக்குக் கொடுத்திருக்கிறார். நீங்கள் பேரவையை விட்டதும் உங்கள் மனைவிக்கு அப்பாடா என்றிருந்திருக்கும், பாவம்.

என் பெரியம்மா இந்தச் சபையில் இருந்தவர். கூட்டம் இருக்கிற ஞாயிறுகளில் விடியற்காலையே எழுந்து சோறும் மீன் குழம்பும் ஆக்கி மூடிவைப்பார். பைண்டிங் விட்டுப்போன செபப் புத்தகத்துக்கு ரப்பர் பேண்டு மாட்டி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பெரியப்பா தடுத்ததே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு யாரையும் திட்ட மாட்டா, போகட்டும்" என்றார். 1978-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அங்கீகரித்த அந்தச் சபையின் சட்டத்தில் குடும்பத்துக்கென்று ஒரு பகுதியே உண்டு. குடும்பத்துக்குள் சமாதானத்தை வளர்க்க வேண்டும் என்கிறது. பெரியப்பா அதைப் படித்தவர் அல்லர்.

இனி உங்களுக்கு. கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன். வந்தது மூன்று பக்கம், அதில் இரண்டு பக்கம் திருவிழாக் கணக்கு. யார் ரசீது கொடுத்தார், யார் கொடுக்கவில்லை, செயலாளர் மைக்கில் என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. அசிசியார் கடைசிப் பத்தியில்தான் தலைகாட்டுகிறார். மனம் வறண்டு கலங்கிக் கிடக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பார் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். நீங்களோ ஒன்றை விட்ட வேகத்திலேயே இன்னொன்றைப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் ஆசை பொய் என்று நான் சொல்லவில்லை. கோபம் எங்கே முடிகிறது, ஆசை எங்கே ஆரம்பிக்கிறது என்பது இன்றைக்கு உங்களுக்கே தெரியாது என்கிறேன்.

அப்புறம், மூன்றாம் சபை என்பது தனியாக உட்கார்ந்து செபிக்கிற இடமல்ல. அங்கேயும் மாதக் கூட்டம், மினிட்ஸ், நிதி எல்லாம் உண்டு. மூன்று வருடத்துக்கொரு தேர்தலும் உண்டு. உங்கள் செயலாளரின் சாயலில் ஒருவர் பக்கத்து நாற்காலியிலேயே இருப்பார். அவரைச் சகோதரர் என்று வேறு கூப்பிட வேண்டும்.

கார்மேலா, பிரான்சிஸா என்பதில் நண்பர் சொல்வதை விட்டுவிடுங்கள். கார்மேல் பொதுநிலையினருக்குத் தினமும் அரை மணி நேர மௌன செபம்தான் உயிர்நாடி. அரிசி கொண்டுபோன வீடுகளைப் பற்றி எழுதும்போது உங்கள் பேனா ஓடுகிறது. மௌனத்தைப் பற்றி மூன்று பக்கத்திலும் ஒரு வரி இல்லை. எந்தச் சபையும் வேண்டாம் என்று கடைசியில் தெரிந்தாலும் நஷ்டமில்லை. 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட நம் தேவசகாயம் எந்தச் சபையிலும் இருந்தவரல்லர்.

தெளிவு வந்த பிறகுதான் கதவைத் தட்டவேண்டும் என்று நினைக்காதீர்கள். பிரான்சிஸ்கன் சபையில் முதலில் ஓர் அறிமுகக் காலம், பிறகு குறைந்தது ஒரு வருடப் பயிற்சி. அதற்குப் பிறகுதான் ஆயுளுக்குமான வார்த்தைப்பாடு, அதாவது வாக்குறுதி. கார்மேலில் இன்னும் நீளம், ஆறு வருடம் போல ஆகும். வேண்டாம் என்று தோன்றினால் நடுவில் எழுந்து வந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஓசூர் ரோட்டில் புனித அந்தோனியார் ஃப்ரையரி பிரான்சிஸ்கன் துறவிகளுடையது. அங்கே போய், கூட்டம் எங்கே, எந்த மொழியில் நடக்கிறது என்று விசாரியுங்கள். இந்த ஊரில் மொழியைக் கேட்காமல் எதிலும் சேராதீர்கள். முதல் கூட்டத்துக்கு மனைவியையும் அழைத்துப் போங்கள். ஆறு மாதம் கழித்து, வீட்டில் உங்கள் குரல் இறங்கியிருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். இந்த விஷயத்தில் எந்த ஃபாதரையும்விட அவர் சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தச் செயலாளரிடம் இதுவரை நேரில் பேசினீர்களா? மூன்று பக்கத்தில் அது மட்டும் இல்லை.